வார்த்தைக்குப் பயந்தவர்கள் வீட்டுக்குள் வந்தார்கள்

 

அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய இந்த மூன்று மாதங்களும் வந்தாலே நம் கடற்கரை ஜனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வானொலியில் "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தூக்கம் போய்விடும். 2018 நவம்பரில் கஜா நம்மேல் அடித்துவிட்டுப் போனதை எந்தப் பிள்ளைதான் மறந்திருக்கும்? ஆகவே இந்த மாதம் புயலைப் பற்றியே உங்களோடு பேசும்படி கர்த்தர் என்னை ஏவினார். ஆவிக்குரிய செய்தியும் உண்டு, வீட்டுக்குரிய செய்தியும் உண்டு. இரண்டையும் பிரிக்காதிருங்கள். வேதத்திலும் அவை பிரிந்திருக்கவில்லை.

மறுநாள் இதே நேரம்

யாத்திராகமம் 9-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எகிப்தின்மேல் வந்த ஏழாவது வாதை அது. இடி, கல்மழை, தரையிலே ஓடுகிற அக்கினி. எகிப்து ஒரு ராஜ்யமாய் ஏற்பட்ட நாள் முதல் அப்படி ஒரு புயலை அந்த தேசம் கண்டதில்லை.

ஆனால் அந்தப் புயல் சொல்லாமல் வந்ததா? இல்லவே இல்லை! மோசே பார்வோன் முன்னால் நின்று, மறுநாள் இதே நேரத்தில் வரும் என்று நாளையும் நேரத்தையும் குறித்துச் சொன்னான். அதோடு விட்டானா? வெளியே இருக்கிற ஆடுமாடுகளையும் ஆட்களையும் உடனே வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள், வயலில் அகப்பட்டவைகள் சாகும் என்றும் சொன்னான். தேவனுடைய ஜனத்தை அடிமையாக வைத்திருந்த சத்துருக்களுக்கே ஆண்டவர் ஒரு நாள் முன்னதாக எச்சரிப்புக் கொடுத்தார். அவருடைய இருதயத்தைப் பாருங்கள்! அடிக்கிற கரத்திலேயே அடைக்கலத்தின் வழியும் இருந்தது.

எச்சரிப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பார்வோனின் வேலைக்காரர் இரண்டு கூட்டமாய்ப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் அந்த வார்த்தைக்குப் பயந்து, ஆட்களையும் மிருகங்களையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு கூட்டம், "வானம் தெளிவாத்தானே இருக்கு, பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் வயலிலேயே விட்டுவிட்டது. மறுநாள் முதல் கூட்டத்தார் உயிரோடு இருந்தார்கள். வயலிலே விடப்பட்டவைகள் சேதமாயின.

கவனியுங்கள், பிரியமானவர்களே. அந்த முதல் கூட்டத்தார் இஸ்ரவேலர் அல்ல, உபவாசித்தவர்களும் அல்ல. அவர்கள் செய்தது ஒன்றுதான்: சொன்னதைக் கேட்டு, கதவுக்கு உள்ளே வந்தார்கள். வேதம் அதைத்தான் கர்த்தருடைய வார்த்தைக்குப் பயப்படுதல் என்கிறது. வீட்டுக்குள் வருவதே அங்கே விசுவாசத்தின் கிரியையாய் எண்ணப்பட்டது.

கடலிலே என்ன நடக்கிறது?

"பாஸ்டர், புயல் எப்படித்தான் உண்டாகுது?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி.

வெயிலினால் கடலின் மேல்நீர் ஏறக்குறைய இருபத்தாறரை டிகிரிக்குமேல் சூடாகும்போது, அதிலிருந்து ஏராளமான ஆவி மேலே எழும்புகிறது. மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் இன்னும் அதிகக் காற்றை மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைய, சுற்றிலுமுள்ள காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதனால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து வருகிறது. நம் பக்கத்துக் கடலில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். இப்படித்தான் தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாகி, பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொடும்போது புயல் என்று பெயர் பெறுகிறது. 89-ஐத் தொட்டால் தீவிர புயல். 118-ஐத் தொட்டால் அதிதீவிர புயல்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் சுவரையும் கூரையையும் தள்ளுகிற பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 60 கிலோமீட்டர் காற்றிலே அசையாமல் நின்ற ஷீட்டு, 120-லே காகிதம்போல் பறப்பது அதனால்தான். "போன வருஷப் புயலுக்கே ஒண்ணும் ஆகலை" என்று சொல்லி இந்த வருஷம் அசட்டையாய் இருக்காதீர்கள்.

புயலுக்கு மூன்று ஆயுதங்கள் உண்டு: காற்று, மழை, கடல்நீர். கரையைக் கடக்கும்போது கடல் மட்டம் உயர்ந்து ஊருக்குள் பாய்கிறதே, அதுதான் அதிக உயிர்களை வாங்குவது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் கடல் உள்ளே வந்தபோது, பாம்பனிலிருந்து போன ரயிலே ஜனங்களோடு அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஊர் மறுபடி ஊராக எழும்பவே இல்லை.

யாருடைய பாவத்தினாலே?

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சில பிரசங்க மேடைகளில் ஒரு சத்தம் கேட்கிறது. "அந்த ஊரிலே விக்கிரகம் அதிகம், அதனாலேதான் கர்த்தர் அடித்தார்" என்கிறார்கள். சபையாரே, அப்படிப் பேசுகிறவர்களோடு சேராதிருங்கள்.

யோபுவின் புஸ்தகத்தை வாசியுங்கள். வனாந்தரத்திலிருந்து ஒரு பெருங்காற்று வந்து வீட்டின் நான்கு மூலையையும் மோதி, உத்தமனாகிய யோபுவின் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் கொண்டுபோயிற்று. பாவத்தினாலேதான் வந்தது என்று சாதித்த மூன்று சிநேகிதரையும் கடைசியில் கர்த்தர் கடிந்துகொண்டார். லூக்கா 13-ம் அதிகாரத்திலே சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். மனந்திரும்பும்படி அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் சொன்னார். செத்தவர்களை நியாயந்தீர்க்கவில்லை.

கஜாவிலே விழுந்த தென்னைகள் பெந்தெகொஸ்தேகாரன் தோப்பு, மற்றவன் தோப்பு என்று பார்த்தா விழுந்தன? வேதாரண்யத்திலிருந்து பேராவூரணிவரை, பட்டுக்கோட்டைத் தோப்புகள் எல்லாம் சேர்ந்துதான் விழுந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்களைப் பார்த்து விசுவாசியும் அழுதான், பக்கத்துத் தோப்புக்காரனும் அழுதான். அழுகிறவர்களோடே அழவேண்டிய நாளிலே காரணம் கண்டுபிடிக்க உட்காராதிருங்கள்.

மெல்லிய தென்றல் ஏமாற்றும்

இப்பொழுது அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம். வேதத்திலே ஒரு புயலை நாள் நாளாக, வேலை வேலையாக எழுதியிருக்கிற அதிகாரம் இதுதான்.

குளிர்காலம் நெருங்கிவிட்டது. இப்போது கப்பல் ஓட்டினால் சரக்குக்கு மட்டுமல்ல உயிருக்கும் சேதம் வரும் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியான யூலியு கெட்டவன் அல்ல. ஆனாலும் கைதியின் சொல்லைவிடக் கப்பல்காரனுடைய சொல்லையும் கப்பல் எஜமானுடைய சொல்லையும் பெரிதாக எண்ணினான். அந்த நேரம் பார்த்து மெல்லிய தென்றல் வீசியது. "பாத்தியா, ஒண்ணுமில்லை!" என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்திலே யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று கப்பலைப் பிடித்துக்கொண்டது.

இந்தத் தென்றலை நன்றாய் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். புயலுக்கு முந்தின நாளும் அது வரும். புயலின் நடுவிலும் வரும்! புயலுக்கு நடுவே "கண்" என்று ஒரு பகுதி உண்டு. அது நம் ஊர்மேல் நேராய்க் கடந்தால், இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். மழை விடும். சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். ஜனங்கள், "விட்டுடுச்சு, வாங்க பார்ப்போம்" என்று வெளியே வருவார்கள். சில நிமிஷமோ ஒரு மணி நேரமோ கழித்து, காற்று எதிர்த்திசையிலிருந்து முழு பலத்தோடு திரும்ப வரும். முதல் காற்றிலே ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரமும் சுவரும் இரண்டாவது காற்றிலே விழும். தெருவிலே நிற்கிறவன்மேல் விழும். ஆகவே வானிலை மையமும் அரசாங்கமும் புயல் முழுதும் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை வாசற்படியைத் தாண்டாதீர்கள்.

வாக்குத்தத்தமும் கப்பலும்

இனி நான் சொல்வதுதான் இந்தச் செய்தியின் இருதயம். கப்பலிலே இருந்தவர்கள் 276 பேர். பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. அந்த இரவிலே தேவதூதன் பவுலண்டை வந்து நின்று, உன்னோடிருக்கிற ஒருவனுடைய பிராணனுக்கும் சேதம் வராது என்று உறுதி கொடுத்தான். எத்தனை பெரிய வாக்குத்தத்தம்! நம்மிலே சிலராய் இருந்தால் என்ன செய்திருப்போம்? "அல்லேலூயா, இனி ஒன்றும் செய்யவேண்டாம்" என்று படுத்திருப்போம்.

பவுல் அப்படிச் செய்யவில்லை. கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று போர்ச்சேவகரை எச்சரித்தார். தேவன் தப்புவிப்பேன் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் கப்பலில் தங்கியிருந்தால்தான் தப்பலாம் என்கிறார். இது முரண்பாடா? இல்லை சபையாரே! வாக்குத்தத்தம் கப்பலைத் தள்ளிவிட்டு வரவில்லை, கப்பல் வழியாகவே வந்தது. அவர்கள் கப்பலைக் கயிறுகளால் சுற்றிக் கட்டினார்கள், பாரத்தைக் கடலில் எறிந்தார்கள், நங்கூரம் போட்டார்கள். விடியும் நேரத்திலே, பலம் வேண்டும், சாப்பிடுங்கள் என்று பவுலே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசித்தார். ஜெபமும் இருந்தது, கயிறும் இருந்தது.

"கர்த்தர் என்னைக் காப்பார், நான் முகாமுக்கு வரமாட்டேன்" என்கிற விசுவாசியே, கேள். மத்தேயு 4-ம் அதிகாரத்திலே தேவாலயத்து உப்பரிகையின்மேல் நம் ஆண்டவரை நிறுத்தி, தூதர்கள் தாங்குவார்கள் கீழே குதி என்று வசனத்தைக் காட்டிச் சொன்னவன் யார்? பிசாசு! வசனம் உண்மைதான். ஆனால் குதிப்பது தேவனைப் பரீட்சை பார்ப்பது. இயேசு கிறிஸ்து குதிக்கவில்லை. ஓலைக் கூரையின்கீழ் நின்று அதிதீவிர புயலுக்குச் சவால் விடுவதும் அதே குதிப்புதான்.

அன்று இரவு நம் சபையில்

இதை நான் புஸ்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2018 நவம்பர் 15 வியாழக்கிழமை, கஜா வருகிற அன்று, நம் ஜெபவீட்டிலே முழு இரவு ஜெபம் வைக்கவேண்டும் என்று பலர் விரும்பினார்கள். அப்போது நம் ஜெபவீட்டுக்குச் சுவர் செங்கல், கூரை ஷீட்டு. நான் சாயங்காலமே ஜெபவீட்டைப் பூட்டி, சபையாரை அரசு பள்ளிக்கூடத்து மாடிக் கட்டடத்துக்கு வரச்சொன்னேன். ஜெபம் அங்கேயே நடக்கும் என்றேன். மூப்பர் ஒருவருக்கு மிகவும் வருத்தம். "என்ன பாஸ்டர், ஆபத்து நாளிலே கர்த்தருடைய வீட்டைப் பூட்டிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுறதா? ஊரார் சிரிக்கமாட்டாங்களா?" என்றார். "ஐயா, கர்த்தர் நம்மோடு பள்ளிக்கூடத்துக்கும் வருவார்" என்று மட்டும் சொன்னேன்.

வயதான ஒரு தாயாரோ குடிசையை விட்டு வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். விசுவாசத்தைக் காரணம் சொன்னார்கள். தோண்டிக் கேட்டால் உண்மைக் காரணம் இரண்டு ஆடுகள்! "அதுங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி ஐயா வர்றது?" என்று அழுதார்கள். எனக்கு யாத்திராகமம் 9 ஞாபகம் வந்தது. கர்த்தர் மிருகஜீவன்களையும் சேர்த்தல்லவா வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்! "அம்மா, ஆட்டையும் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன். பள்ளிக்கூட மாடிப்படிக்குக் கீழே இரண்டையும் கட்டினோம். அந்த அம்மா அதன் பக்கத்திலேயே படுத்தார்கள்.

நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்தது. மணிக்கு 100, 110 கிலோமீட்டர், இடையிடையே 120 என்று பிறகு அறிவித்தார்கள். அந்தச் சத்தத்தை எதோடு ஒப்பிடுவேன்? பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சபையாரும் சபையல்லாதவர்களும் ஒரே வகுப்பறையில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். நாங்கள் ஜெபித்தபோது பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க சாமி" என்றார். கேட்டோம்.

விடிந்து போய்ப் பார்த்தபோது ஜெபவீட்டில் ஒரு ஷீட்டுகூட இல்லை. நடு உத்திரம் முறிந்து, சகோதரிகள் பாய்விரித்து உட்காருகிற இடத்திலே குறுக்கே கிடந்தது. அந்த மூப்பர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கட்டடம் போயிற்று, ஆத்துமாக்கள் இருந்தார்கள். அல்லேலூயா!

ஒரு தேசத்துச் சாட்சியையும் கேளுங்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவை அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் அதே ஒடிசாவுக்கு பைலின் என்ற கொடிய புயல் வந்தது. இந்த முறை எச்சரிப்பு முன்னதாக வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் ஜனங்கள் பாதுகாப்பான கட்டடங்களுக்குப் போனார்கள். மாண்டவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. கடல் அதே கடல்தான். வார்த்தையைக் கேட்டு உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கைதான் வேறு.

காற்றுக்கு முன்னே

எலியா மழைக்காக ஜெபித்தபோது, ஊழியக்காரனை ஏழுதரம் கடலைப் பார்க்க அனுப்பினார். கையளவு மேகம் தெரிந்தவுடனே, மழை தடுக்குமுன்னே ரதத்தைப் பூட்டிப் போகும்படி ஆகாபுக்குச் சொல்லியனுப்பினார். முழங்காலில் நின்றவரே வானத்தையும் பார்க்கச் சொன்னார். நாமும் வானிலை அறிவிப்பைக் கவனிப்போம். மஞ்சள் என்றால் விழித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. துறைமுகத்திலே 8, 9, 10 எண் கூண்டு ஏற்றினால் கடும் அபாயம். வாட்ஸ்அப்பில் வருகிற வதந்தியை நம்பாதிருங்கள், பரப்பாதிருங்கள்.

வீட்டை உள்ளபடி பாருங்கள். குடிசை, ஓட்டு வீடு, ஷீட்டு வீடு, கடலோரம், ஆற்றோரம், பள்ளமான இடம் என்றால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே புயல் பாதுகாப்பு மையத்துக்கோ முகாமுக்கோ உறுதியான கட்டடத்துக்கோ போய்விடுங்கள். "எல்லா ஜாதியும் அங்கே இருக்குமே" என்று யாராவது சொன்னால், நோவாவின் பேழைக்குள்ளே என்னென்ன இருந்தது என்று கேளுங்கள்! மாதம் நிறைந்த கர்ப்பிணிகளை இரண்டு நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரி பக்கம் கொண்டுபோங்கள்.

காங்கிரீட் வீடு என்றால் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் ஆயத்தம் வேண்டும். தென்னையிலே காய்ந்த மட்டையையும் குலையையும் இறக்கிவிடுங்கள். மொட்டைமாடியிலே கிடக்கிற ஓடு, தகரம், பூந்தொட்டி எல்லாம் காற்றிலே குண்டுபோலப் பறக்கும், உள்ளே எடுங்கள். குடிநீரைக் குடத்திலும் மேல்தொட்டியிலும் நிரப்புங்கள். செல்போனுக்குச் சார்ஜ் போடுங்கள், டார்ச் லைட்டும் பேட்டரி ரேடியோவும் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா, இவைகளோடு வேதபுஸ்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டிக்கிடந்தால் வெள்ளத்திலே தப்ப வழியில்லாமல் செத்துப்போகும்.

கதவுக்கு உள்ளே

காற்று தொடங்கினால் மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். ஜன்னல் இல்லாத அறையோ, வீட்டின் நடு அறையோ எது உறுதியோ அதிலே எல்லாரும் கூடியிருங்கள். கண்ணாடி ஜன்னலண்டை நின்று வேடிக்கை பார்க்கவோ படம் பிடிக்கவோ வேண்டாம். மேலே ஏதாவது விழ ஆரம்பித்தால் உறுதியான கட்டிலுக்கோ மேசைக்கோ கீழே நுழைந்து, தலையைத் தலையணையால் மூடிக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்திலே குழாய்த் தண்ணீரையும் மின்சாரச் சாமான்களையும் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரமாவது உள்ளேயே இருங்கள். மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது. காற்றிலே நெருப்பு பிடித்தால் அணைக்க ஆள் வரமுடியாது.

அந்த நேரத்திலே பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லுங்கள். பஸ்கா இரவிலே இஸ்ரவேலர் ஒருவரும் விடியும்வரை வாசலைவிட்டு வெளியே போகவில்லை. ஏன்? நிலைக்காலிலே இரத்தம் இருந்தது, வெளியே மரணம் இருந்தது. கதவுக்கு உள்ளே காத்திருப்பதும் ஒரு ஆராதனைதான். பாடுங்கள், ஜெபியுங்கள். காற்றையும் கடலையும் அதட்டி அமைதியாக்கின இயேசு இன்றும் மாறாதவர். திசையைத் திருப்பும்படி, வேகத்தைக் குறைக்கும்படி கேளுங்கள். அவர் நிறுத்தினாலும் ஸ்தோத்திரம். நிறுத்தாமல் நடுவிலே நம்மோடிருந்தாலும் ஸ்தோத்திரம்.

காற்று ஓய்ந்த பிறகு

காற்றிலே தப்பினவன் காலையிலே கம்பியிலே செத்தான் என்று இருக்கக்கூடாது. கஜாவிலே லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. அறுந்து கிடக்கிற எந்தக் கம்பியையும் தொடாதீர்கள், தேங்கின தண்ணீரிலே கால்வைக்குமுன் பாருங்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளத்தோடு பாம்புகள் வீட்டுக்குள் வரும். பாத்திரம், பாய், துணி எதையும் தட்டிப் பார்த்து எடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளே ஓட்டாதீர்கள். அதின் புகையிலே நிறமும் மணமும் இல்லாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே கொல்லும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இந்த எண்களைச் சுவரிலே எழுதி வையுங்கள்.

அதன்பின் பக்கத்து வீட்டைப் பாருங்கள். மெலித்தா தீவிலே கரையேறினவர்களுக்கு, மழையும் குளிருமாய் இருந்தபடியால், அந்நிய ஜனங்கள் நெருப்பு மூட்டி அன்பு பாராட்டினார்கள். பெரிய அப்போஸ்தலனாகிய பவுல் என்ன செய்தார்? விறகு பொறுக்கினார்! பிரசங்கிக்கிறவனும் விறகு பொறுக்கவேண்டிய நாள் அது. கஜாவுக்குப் பிறகு கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, கஞ்சி காய்ச்சி ஊற்றின கைகளுக்கு என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்துக்கு நம் சபையிலே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுவும் தன் தெருவிலே தனியாயிருக்கிற முதியவர்கள், நடக்கமுடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர் யார் யார் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். விசுவாசிகளின் பெயர் மட்டுமல்ல, தெருவிலுள்ள எல்லாருடைய பெயரும் வேண்டும். சிவப்பு அறிவிப்பு வந்தால் வாலிபர் இரண்டுபேராய்ப் போய் அவர்களை அழைத்துவருவார்கள். ஆடு இருந்தால் ஆட்டையும்!

கடைசியாக ஒரு வார்த்தை

பிரியமான தேவபிள்ளையே, இதைவிடப் பெரிய ஒரு நாள் வருகிறது. அந்த நாளிலே எந்தக் காங்கிரீட்டும் நிற்காது. அதற்கும் எச்சரிப்பு கொடுக்கப்பட்டாயிற்று. அடைக்கலமும் ஆயத்தமாயிற்று, கல்வாரியிலே சிந்தப்பட்ட இரத்தத்தினாலே கதவு திறந்திருக்கிறது. வானம் தெளிவாயிருக்கிறதே என்று இன்னும் வயலிலே நிற்கிறாயா? மெல்லிய தென்றலை நம்பி நங்கூரத்தைத் தூக்கிவிட்டாயா? இன்றைக்கே உள்ளே வா. தகப்பன் கைநீட்டி நிற்கிறார்.

ஜெபிப்போம். எங்கள் பரலோகப் பிதாவே, காற்றுகளை உமது பண்டசாலையில் வைத்திருக்கிறவரே, இந்த மழைக்காலத்திலே எங்கள் கரையோர ஜனங்களைக் காத்தருளும். கடலில் இருக்கிற மீனவ சகோதரரைப் பத்திரமாய்க் கரைசேரும். எச்சரிப்பைக் கேட்கும் செவியையும், கேட்டபடி செய்யும் கால்களையும், அயலானைச் சேர்த்துக்கொள்ளும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் உங்கள் கூரையையும் காப்பாராக!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்